கம்பேரண்ணனும் ஒரு குரங்கும் ஒரு குருவியும்

இரண்டு பொருள்களை அருகருகே பார்த்துவிட்டுச் சும்மா நகர்ந்து போகிற மனிதர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் உண்டு. கம்பேரண்ணன் மட்டும் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் கண்ணில் ஜோடியாக எது பட்டாலும், இரண்டு கத்தரிக்காயோ, இரண்டு பஸ்ஸோ, இரண்டு மாப்பிள்ளையோ, எது மேல் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். சொல்ல முடியாமல் போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் அப்போது மெர்ச்சண்டைசர். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் அதை ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்தார்கள். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் மெயிலில் திட்டுவதைத் தமிழில் முதலாளிக்குச் சொல்ல வேண்டும். முதலாளி தமிழில் திட்டுவதை மரியாதையான இங்கிலீஷாக்கி பையருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. கம்பேரண்ணன் செக்கிங் டேபிளில் இருந்தார். பையர் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்ட பீஸுக்கு அப்ரூவ்டு சாம்பிள் என்று பெயர். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. தப்பு இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். ஒட்டிவிட்டால் அந்தப் பீஸுக்காகச் சாமியே இறங்கி வந்து சிபாரிசு பண்ணினாலும் நடக்காது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

வேலை முடிந்தால் கம்பெனி கேட்டைத் தாண்டி வேலையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பார்கள். இவர் வேலையைக் கொண்டுபோகவில்லை, வேலைதான் இவரைக் கொண்டுபோனது. கல்யாண வீட்டுக்கும் கழுத்தில் அளவு டேப்போடுதான் வருவார். பந்தியில் இந்த வரிசையில் உட்கார்ந்து சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, எழுந்து அந்த வரிசையில் உட்கார்ந்து அதே சாம்பாரை இன்னொரு முறை சாப்பிடுவார். பிறகு சமையல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, ரெண்டு வாளிக்கும் உப்பில் வித்தியாசம் இருக்கிறது, ஒரே லாட்டில் இப்படி வரக்கூடாது என்று பதமாக எடுத்துச் சொல்வார். சமையல்காரர்கள் அவரைப் பார்த்தாலே கரண்டியை ஓங்குவார்கள்.

அயர்னிங் டேபிள் ஆள் ஒருவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கம்பேரண்ணன் தொட்டில் பக்கம் குனிந்து இரண்டு குழந்தைகளையும் ரொம்ப நேரம் மாறி மாறிப் பார்த்தார். காது, மூக்கு, கால் விரல் ஒன்றையும் விடவில்லை. அப்புறம் நிமிர்ந்து, அந்தப் பெண்ணிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இதுல எதுங்க அப்ரூவ்டு சாம்பிள்?"

பிரசவமான அலுப்பிலும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். குழந்தையின் அப்பா சிரிக்கவில்லை. அவரை நாங்கள் காரிடார் வரைக்கும் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

இந்தக் குணத்தோடு ஒரு பெண்மணி எப்படிக் குடித்தனம் நடத்துகிறார் என்று எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். அவர் சம்சாரம் ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்கு வந்திருந்தபோது யாரோ கிளறிவிட்டார்கள். அந்த அம்மா நேராகவே கேட்டார், ஊரில் இருக்கிறதையெல்லாம் கம்பேர் பண்ணுகிறீர்களே, என்னை யார்கூடக் கம்பேர் பண்ணி வைத்திருக்கிறீர்கள் என்று. கம்பேரண்ணன் பொரியை மென்று முடித்துவிட்டு, பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு சாம்பிள் இன்னும் வரவில்லை என்றார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சுண்டலைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்து போயிருந்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அந்தக் குரங்கும் குருவியும் வந்து சேர்ந்தன.

பையர் ஒருவர் குழந்தைகள் டிசர்ட்டுக்கு இரண்டு டிசைன் அனுப்பியிருந்தார். அழிந்துகொண்டிருக்கும் உயிர்களைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்துவது நோக்கமாம். ஒன்று கொலம்பியாக் காட்டில் இருக்கிற பஞ்சுத்தலைக் குரங்கு. தென் அமெரிக்காக்காரர். அணில் பெருசுதான் இருப்பார், அரைக் கிலோகூடத் தேறமாட்டார். ஆனால் தலையில் மட்டும் வெள்ளை வெளேரென்று பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போல முடி. இன்னொன்று நம்ம பக்கத்துப் பாறைக் குன்றான கரடுகளில் இருக்கும் மஞ்சள்தொண்டைச் சின்னான் என்ற பாட்டுப் பறவை. குரங்குப் படம் டிசர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம் வெறும் துணி. குருவி டிசைனில் நேர்மாறு, முன்பக்கம் வெறுமை, முதுகில் குருவி. இரண்டும் ஒரே சாம்பல் நிறத் துணி. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குரங்குப் படத்தைப் பார்த்ததும் கம்பெனியே குதூகலமானது. சாயங்காலம் ஆனால் எங்கள் ஆட்கள் எல்லோருடைய தலையிலும் துணிப்பஞ்சு அப்பிக்கொண்டு அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். தாராபுரத்திலிருந்து வருகிற ஓவர்லாக் டைலர் ஒருவர் தன் ஆதார் போட்டோவையும் குரங்கையும் பக்கத்தில் வைத்து ஸ்டேட்டஸ் போட்டார். அதற்கு அவருடைய மாமியார்தான் முதலில் லைக் போட்டாராம்.

சிக்கல் மெயிலின் கடைசி வரியில் இருந்தது. இரண்டில் ஒரு டிசைன்தான் ஆர்டராகும். எது என்று தயாரிக்கிற நீங்களே பார்த்துச் சிபாரிசு பண்ணி, அதைத் தைத்து ஒரு சாம்பிள் அனுப்புங்கள் என்றிருந்தது. அப்போது ஆர்டர் கம்மியான காலம். முதலாளி ஏற்கெனவே குரங்கை முதல் டேபிளுக்கும் குருவியை இரண்டாம் டேபிளுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். எந்த டிசைன் போகிறதோ அந்த டேபிள் ஓடும், மற்றது நிற்கும். முதல் டேபிள் முழுக்க உள்ளூர்க்காரர்கள், நின்றால் மறுநாள் பக்கத்துக் கம்பெனியில் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டாம் டேபிளில் பெரும்பாலும் ஒடிசாப் பெண்கள், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். டேபிள் நின்றால் ரயில் ஏறி ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அதில் பிரதிமா என்று ஒரு பெண். துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு வந்து, சமீபத்தில்தான் டைலராகி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குத் திரும்பினால் ரெடியாக ஒரு மாப்பிள்ளை. அவளுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை, வேலை இருக்கிறது என்ற ஒரே காரணத்தைச் சொல்லித்தான் தள்ளிப்போட்டு வந்தாள். தினமும் காலையில் செக்கிங் டேபிள் பக்கம் வந்து, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற சொந்தக்காரரை விசாரிப்பது போல விசாரிப்பாள்.

"அண்ணா, குருவி எப்படி இருக்குதுங்க?"

அவள் பேசிய தமிழில் ஒடியாவும் இருக்கும், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க'வும் இருக்கும்.

சிபாரிசு பண்ணுவதற்கு முதலாளி கம்பேரண்ணனைக் கூப்பிட்டார். இத்தனை வருஷமாக யாரும் கேட்காமலே ஊரைக் கம்பேர் பண்ணிக்கொண்டிருந்த மனிதரை முதல்முறையாக ஒருவர் முறைப்படி கேட்கிறார். அன்றைக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பிரிண்ட் துணியையும் டேபிளில் விரித்து, லென்ஸை எடுத்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, குரங்கையும் குருவியையும் பற்றி இன்டர்நெட்டில் இருப்பதையெல்லாம் தமிழில் வாசிக்கச் சொன்னார்.

நான் வாசிக்க வாசிக்க அவர் பாயிண்ட் போட்டார். குரங்குக்கு அனேகமாக இரட்டைக் குட்டிதான் பிறக்கும், முதுகில் சுமந்து திரிவது பெரும்பாலும் அப்பாக்காரன்தான் என்றேன். உடனே குரங்குக்கு ஒரு பாயிண்ட். தன்னுடைய அப்பன் தன்னைத் திருவிழாவில்கூடத் தூக்கியதில்லை என்று அந்தப் பாயிண்ட்டுக்கு விளக்கமும் கொடுத்தார். குருவி பாறை இடுக்கில் கூடு கட்டும், ஆள் அரவம் கேட்டால் மறைந்துகொள்ளும், குரல் மட்டும் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி கேட்கும் என்றேன். கூச்ச சுபாவத்துக்கு ஒரு பாயிண்ட். குரங்கு விதவிதமாகச் சத்தம் போட்டு ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்றேன். குருவி பழத்தைத் தின்று விதையைப் போட்டுக் கரட்டில் செடி முளைக்க வைக்கும் என்றேன். ஒன்றுக்கு ஒன்று. குரங்குக்குக் காட்டை வெட்டுகிறார்கள், குருவிக்குக் கரட்டை உடைத்து ஜல்லியாக்குகிறார்கள் என்றபோது, பாயிண்ட் போடாமல் லென்ஸைத் துடைத்தார். எங்கள் கம்பெனியின் புது பில்டிங் வேலை அப்போது பாதியில் நின்றது. வாசலில் ஜல்லி மலை மாதிரி குவிந்து கிடந்தது.

நாள் போய்க்கொண்டே இருந்தது, முடிவு மட்டும் வரவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே மூடுவார். முதல் டேபிள் சூப்பர்வைசர் வந்து குரங்குக்கு ஆதரவு கேட்டுப் போனார். இரண்டாம் டேபிளுக்காக நானே அவரிடம் பேசினேன். அந்தப் பிள்ளைகள் பாவம், குருவி என்று சொல்லிவிடுங்களேன் என்றேன். அவர் என்னைத் தையல் விட்டுப்போன பீஸைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மனசு சொல்லுதுன்னு ஸ்டிக்கர் ஒட்டுனா அது செக்கிங் இல்லீங்க தம்பி. அப்பறம் எது குத்தங்கறீங்க? ரெண்டையும் ஒலகமே ரிஜெக்ட் பண்ணி வச்சிருக்குது. அதுக்கு மேல நானும் ஒண்ணு ஒட்டோணுமாக்கும்?"

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். படத்தைப் படத்தோடு ஒப்பிட்டால் எப்படி முடிவு வரும், அசலைப் பார்த்தால்தானே பிரிண்ட் சரியா என்று தெரியும் என்றார். கொலம்பியாவுக்கு விசா, பாஸ்போர்ட் என்று இழுக்கும். குருவிக்கு என் பைக் போதும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். கணியூரைத் தாண்டி அமராவதி அணைப் பக்கம் மலையடிவாரக் கரடு ஒன்றில் அந்தக் குருவி இருப்பதாக நான் விசாரித்து வைத்திருந்தேன். வழி நெடுக அவர் சும்மா வரவில்லை. இந்த டீக்கடையா அந்த டீக்கடையா, இந்த வேகத்தடையா அந்த வேகத்தடையா என்று முதுகுக்குப் பின்னால் தீர்ப்பு வழங்கிக்கொண்டே வந்தார். கரட்டின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தோம். குருவி பிரிண்ட் போட்ட துணியை அவர் மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

சாதாரணக் கொண்டைக்குருவிகள்தான் முதலில் வந்தன. அவர் ஒவ்வொன்றையும் பார்த்து, இது லோக்கல் குவாலிட்டி, இது ஷேடு இல்லை, இதுக்கு ஃபினிஷிங் பத்தாது என்று தள்ளிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. எனக்குப் பசித்தது. திரும்பிப் போகலாமா என்று நான் வாயைத் திறந்த நேரத்தில், பாறை இடுக்கிலிருந்து அந்தக் குரல் வந்தது. குரலுக்குப் பின்னாலேயே அதுவும் வந்தது. சாம்பல் உடம்பு, தலையும் தொண்டையும் மஞ்சள். எங்களுக்கு நேர் எதிரே ஒரு பாறை நுனியில் உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பி, இன்னொரு வரி பாடிவிட்டுப் போயே போய்விட்டது.

நான் மெதுவாக, ஷேடு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலீங்க தம்பி. துணியப் பாக்க மறந்துட்டேன்."

அந்த மனிதர் மறந்தார் என்று கம்பெனியில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. திரும்பி வரும்போது டீக்கடை, வேகத்தடை எதைப் பற்றியும் அவர் பேச்செடுக்கவில்லை. பொங்கலூர்ப் பிரிவு போர்டு வந்தபோது மட்டும், அப்போ அந்தக் குரங்கு என்று நான் ஆரம்பித்தேன். அங்கியும் எவனாச்சும் ஒரு செக்கர் இருப்பானுங்க, அவன் பாத்துக்குவான் என்று முடித்துவிட்டார்.

சாம்பிள் அனுப்ப வேண்டிய நாளும் வந்தது. அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. முதலாளி பொறுமையிழந்து, இரண்டையும் ஒவ்வொன்று தைத்து டேபிளில் வையுங்கள், கூரியர் வண்டி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து நானே போடுகிறேன் என்றார். முதல் டேபிள் மிஷின் ஏதோ மக்கர் பண்ணவே, இரண்டு பீஸின் வெட்டுத் துணிகளும் பிரதிமாவிடம் போயின. தன் தலைவிதியைத் தானே தைக்கிற நிலைமை. அந்தப் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருந்திருக்கும். துணி ஒரே நிறம், அளவு ஒரே அளவு. எங்கள் தொழிலில் பண்டல் கலப்பது என்று சொல்வார்கள், அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அது நடந்துவிட்டது. குரங்கின் முன்பக்கத்தோடு குருவியின் பின்பக்கத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டாள்.

ஒரு டிசர்ட்டில் முன்னால் குரங்கு, பின்னால் குருவி. இன்னொரு டிசர்ட்டில் முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை.

வாசலில் கூரியர் வண்டி ஹாரன் அடித்தது. பிரித்துத் தைக்க நேரமில்லை, பிரித்தாலும் அந்த மெல்லிய துணியில் ஊசி ஓட்டை தெரியும். பிரதிமா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். முதலாளி வெறும் டிசர்ட்டைத் தூக்கி முன்னும் பின்னும் புரட்டினார். கோபத்தில் அவருக்கு வார்த்தையே சரியாக வரவில்லை.

"என்னுங்ணா இது? பொம்மையே காணோம்."

கம்பேரண்ணன் அதை வாங்கி டேபிளில் விரித்தார். பக்கத்தில் மற்றதை விரித்தார். இரண்டையும் பார்த்தார். இந்தத் தடவை லென்ஸை எடுக்கவே இல்லை.

"ரெண்டும் போயிட்டா இப்படித்தானுங்க இருக்கும்" என்றார்.

ஸ்டிக்கர் சுருளிலிருந்து சிவப்பு அம்பு ஒன்றைக் கிழித்து, அந்த வெறும் டிசர்ட்டின் நெஞ்சில் ஒட்டினார். குரங்கும் குருவியும் இருந்ததை மடித்து, கவரில் போட்டு, பாஸ் என்று சீல் குத்தி என் கையில் கொடுத்தார். பண்டல் கலந்த பீஸ் எதையும் தன் சர்வீஸில் விட்டதில்லை என்று பெருமை பேசுகிற மனிதர். பையர் காறித் துப்பினால் போவது அவருடைய பெயர். முதலாளி தடுக்க வாயெடுப்பதற்குள் நான் ஓடிப்போய் வண்டியில் போட்டுவிட்டேன்.

பதில் வரும்வரை கம்பெனியில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. முதலாளி அவரைப் பார்த்தால் கணினிப் பக்கம் திரும்பிக்கொள்வார். பிரதிமா குருவியைப் பற்றி விசாரிப்பதை நிறுத்தியிருந்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பெட்டியைக்கூடக் கட்டி வைத்துவிட்டாள் என்று ஹாஸ்டல் வார்டன் சொன்னார்.

மெயில் வந்தது. முதல் பத்தி முழுக்க வசவு, படம் வைத்த இடம் தப்பு, கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்று. இரண்டாவது பத்தியில், தங்கள் மீட்டிங்கில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த டிசர்ட்டை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு படமும் சேர்த்து, இரண்டு டேபிளுக்கும் ஓடுகிற அளவுக்கு ஆர்டர். நான் தமிழில் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாம் டேபிள் பக்கம் விசில் பறந்தது. பிரதிமா மட்டும் விசில் அடிக்கவில்லை. மிஷினில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள், தோள் குலுங்கியது.

முதலாளி எங்கள் இருவரையும் ரூமுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோபம் போயிருந்தது, ஆனால் குழப்பம் போகவில்லை. பண்டல் கலந்திருப்பது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தும் எப்படிங்ணா விட்டீங்க என்று கேட்டார். கம்பேரண்ணன் கழுத்து டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தார்.

"தப்புத்தானுங்க மொதலாளி. ஆனா அதைப் பிரிச்சா ரெண்டாயிருமுங்க. ரெண்டாயிட்டா நான் ஒண்ணை எடுத்து இன்னொண்ணை விடோணும். அது என்னால ஆகலீங்க."

முதலாளி எழுந்து போய்க் கதவைத் திறந்து, டீ கொண்டுவரச் சொன்னார். எங்கள் முன்னால் இரண்டு கிளாஸ் டீ வந்தது. கம்பேரண்ணன் அவற்றை ஏறெடுத்தும் பார்க்காதது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை என் பக்கம் தள்ளினார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். என் கிளாஸில்தான் டீ ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தது, அது அவருக்குத் தெரியாமல் நடந்திருக்காது.